பிசைந்து வைத்த மாவு

தெருமுனைக் குப்பைத்தொட்டிக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவி, லிஃப்ட்காரர் இன்னொரு ஜாம் பாட்டிலை வெளியே எடுத்தார். மூடியின்மேல் கட்டியிருந்த பூப்போட்ட துணி ஈரத்தில் ஊறித் தொங்கியது. யாரும் திறந்துகூடப் பார்க்காத பாட்டில். அன்று அவர் மனைவியின் அடக்கம். அதற்கென்று மகள் இஸ்திரி போட்டு வைத்திருந்த வெள்ளைச் சட்டையைத்தான் போட்டிருந்தார். அதன் வலது கை முழுக்க முட்டையோடும் தேயிலைச் சக்கையும் ஒட்டியிருந்தன.

எதிர்வீட்டுத் தையற்காரம்மா ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தாள். அவர் நிமிர்ந்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றதும், வேறு வழியில்லாமல் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்கு."

"போன தடவ குடுத்த ஜாமை உங்க பிள்ளைங்க பாட்டிலுக்குள்ள கையவிட்டு நக்கிச்சுங்க. நீங்கதான் சொல்லிச் சிரிச்சீங்க."

"அப்ப தெரியாதேண்ணே."

"இப்ப என்ன தெரிஞ்சுது?"

அவள் தோளில் கிடந்த அளவு நாடாவைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தாள். லிஃப்ட்காரர் பாட்டிலைத் தன் கால்சட்டையிலேயே துடைத்து, ஏற்கெனவே எடுத்து வைத்தவற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

லிஃப்ட் ரிப்பேர் வேலையால் அவர் லிஃப்ட்காரர் ஆனதுபோல், தெருவில் அவர் மனைவிக்குக் கூடையம்மா என்று பெயர். வெளியே கிளம்பினால் கையில் கூடை இல்லாமல் கிளம்ப மாட்டாள். மழை ஓய்ந்து, தண்டவாளத்தையொட்டிய முட்புதர்களில் பழங்கள் கறுத்தால் ஜாம். பூங்காவின் பின்பக்கத்து மரத்தடிகளில் காளான் முளைத்தால் கொஞ்சம் அன்றைக்கு வதக்க, மிச்சம் நூலில் கோத்துக் காயவைக்க. தொட்டால் சுணைக்கும் காஞ்சொறி வேலியோரம் துளிர்விட்டால் அதைக் கொழுந்தாகக் கிள்ளி ரொட்டிக்குள் வைக்க. கொல்லைத் தோட்டத்தில் வெங்காயத்தாளும் பூண்டும் அவளே போட்டவை. 

"ரோட்டுல கெடக்கறதப் பூராப் பொறுக்கிட்டு வர்றே. என்னையும் அப்படித்தான் புடிச்சியோ?" என்பார் லிஃப்ட்காரர்.

"உங்கள எங்கப்பா பார்த்துப் பொறுக்கினது. அந்தப் பழி எனக்கு வேணாம்" என்பாள்.

ஜாமை மட்டும் அவர் சாப்பிடுவார். காளானும் காஞ்சொறியும் தட்டுப் பக்கம் வந்தால், "எனக்கு ஒரு முட்டை போதும்" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார். அவள் வற்புறுத்தியதே இல்லை. அவருக்கு முட்டையைப் பொரித்துக் கொடுத்துவிட்டு, அதே கல்லில் தனக்குக் காளானைப் போட்டுக்கொள்வாள்.

முந்தாநாளும் அப்படித்தான். மாவைப் பிசைந்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுக் காளான் வதக்கிச் சாப்பிட்டாள். வெங்காயத்தாள் கிள்ளக் கொல்லைக்குப் போனவள், "தலை என்னமோ பண்ணுதே" என்றபடி பாத்தி ஓரமாகவே சாய்ந்துவிட்டாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். "சாப்பாட்டுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. ஸ்கேன்லயே தெளிவாத் தெரியுது" என்று படத்தையும் காட்டினார். ஆனால் அவளைத் தூக்கிப்போக வந்தவர்களில் ஒருவன், அடுப்பின்மேல் இருந்த கல்லைப் பார்த்து, "இதையா சாப்பிட்டாங்க?" என்று கேட்டுவிட்டான். ஆம்புலன்ஸ் தெருவைத் தாண்டுவதற்குள் அந்தக் கேள்வி தெருவைத் தாண்டிவிட்டது.

அவர் உள்ளே நுழைந்தபோது, மனைவியின் தங்கை சமையலறையில் ஸ்டூல்மேல் ஏறி நின்று, அலமாரியிலிருந்த பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கறுப்பு நிறக் குப்பைப் பைக்குள் இறக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்றே?"

"வர்றவங்க கண்ணுல படவேணாம்னுதான் அத்தான். ஆளாளுக்குப் பேசறாங்க. தானே பறிச்சு, தானே சமைச்சு, தானே தின்னு..." அவள் அதை முடிக்கவில்லை.

"டாக்டர் சொன்னப்ப நீயும் கூடத்தானே நின்னே?"

"நின்னேன். அக்கா எங்க எதைப் பறிச்சுதுன்னு டாக்டருக்கு என்ன தெரியும்? எனக்கே மனசு ஆற மாட்டேங்குது. நல்லாருந்த ஆளு. சந்தேகம் வந்து உள்ள உக்காந்துக்கிச்சு, போக மாட்டேங்குது. நான் என்ன பண்ணட்டும்?"

லிஃப்ட்காரர் அவள்மேல் கோபப்படவில்லை. பையை மட்டும் அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கொண்டு வந்த பாட்டில்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஃப்ரிட்ஜைத் திறந்தார். கீழ்த்தட்டில் பெரிய பீங்கான் கிண்ணம். மேலே போட்டிருந்த ஈரத்துணியை முட்டிக்கொண்டு மாவு உப்பியிருந்தது. துணியை விலக்கி விரலால் அழுத்தினார். குழி விழுந்து, மெல்ல மெல்லத் தானாகவே மேலே வந்தது. புளித்த வாசனை லேசாக எட்டிப் பார்த்தது.

"இத இன்னிக்கே சுட்டாகணும்" என்றார்.

"அத்தான், ஹோட்டல்ல எல்லாருக்கும் சாப்பாடு சொல்லியாச்சு."

"வரட்டும். அதோட இதுவும் இருக்கட்டும்."

"ஒருத்தரும் தொட மாட்டாங்க."

"தொட வேணாம். மேசைமேல இருக்கணும். அவ்வளவுதான்."

மகள் வாசற்படியில் வந்து நின்றிருந்தாள். அழுது அழுது முகம் வீங்கிப்போயிருந்தது. வேற்றூருக்குக் கல்யாணமாகிப் போனவள். நேற்றுத்தான் வந்து சேர்ந்தாள்.

"உள்ள எதைப்பா வைக்கப் போறீங்க?"

"உங்கம்மா எதை வைப்பாளோ அதை."

"காளானும் காஞ்சொறியும்." அவள் குரல் உயர்ந்தது. "நீங்க ஒரு நாளாவது அதை வாயில வச்சிருக்கீங்களாப்பா? நீங்களே தொடாததை மத்தவங்கள எப்படித் தின்னச் சொல்வீங்க?"

ஸ்டூல்மேல் நின்றவள் அப்படியே நின்றாள். லிஃப்ட்காரர் கையிலிருந்த பையின் வாயை முடிச்சுப் போட்டார், பிறகு அவிழ்த்தார். உள்ளேயிருந்து ஒவ்வொரு பாட்டிலாக எடுத்து மேசைமேல் வைத்தார். காய்ந்த காளான் பாட்டில் வந்ததும் அதைத் தனியே நகர்த்தினார்.

"யாரையும் தின்னச் சொல்லல" என்றார். "நான் திங்கறேன். எல்லாரும் பாக்கட்டும்."

கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார். பாத்தி ஓரம் மண் அமுங்கிக் கிடந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு வேலிக்குப் போனார். முதல் கொத்தைப் பிடித்தவுடனேயே "ஸ்ஸ்" என்று கையை உதறினார். விரலெல்லாம் நெருப்புப் பட்டதுபோல் எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த கொத்தைப் பிடித்தார்.

பின்னாலிருந்து எதுவோ அவர் தோளில் வந்து விழுந்தது. ரப்பர் கையுறை.

"கையுறை போட்டுக்கிட்டுத்தான் அம்மா பறிப்பாங்க" என்றாள் மகள்.

"அது எங்க இருக்கும்னு எனக்கென்ன தெரியும்?"

"கதவுக்குப் பின்னாடி. நான் பொறந்ததுலேருந்து அங்கதாம்ப்பா தொங்குது. நுனியில நாலு இலை மட்டும் வெட்டுங்க. அடியில நார் ஓடிருக்கும்."

உள்ளே வந்ததும் காளான் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "இது போன வருஷம் அம்மா கோத்த மாலை. லீவுக்கு வந்தப்ப இதுலேருந்துதான் எடுத்து அம்மா செஞ்சாங்க. நானும் எங்க வீட்டுக்காரரும் மூணு வேளையும் இதையேதான் தின்னோம்." சொல்லிவிட்டுச் சித்தியைப் பார்க்காமல், வெந்நீரில் காளானைக் கொட்டினாள். 

கொதிக்கும் நீரில் போட்டதும் காஞ்சொறி சுணையெல்லாம் அடங்கி வெறும் கீரையாகச் சுருண்டது. அப்பனும் மகளுமாக அதைப் பிழிந்து, பூண்டும் வெங்காயத்தாளும் சேர்த்து வதக்கினார்கள். உப்பை லிஃப்ட்காரர் போட்டார். மாவை விரிக்கப் போன அவர் கையை மகள் தட்டிவிட்டாள். "குத்தாதீங்க. இழுக்காதீங்க. அதுவா விரியும்." அவர் பெரிய மோட்டாரைக் கழற்றும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வதுபோல் பிடித்துக்கொண்டு, மாவின் ஓரங்களை மடித்து மூடினார்.

ஓவனின் திருகு உடைந்த வருஷம், வேலையிடத்தில் கழித்துக்கட்டிய பழைய லிஃப்ட் ஒன்றின் எண் தகடுகளை எடுத்து வந்து, புதுத் திருகைச் சுற்றி அவர்தான் ஒட்டிக் கொடுத்திருந்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் சூட்டுக்கு மாடிக் கணக்கு.

"ரொட்டிக்கு எத்தனாவது மாடி?" என்று கேட்டார்.

"அஞ்சு. கொஞ்ச நேரம் கழிச்சு மூணுக்கு இறக்கணும்."

அவள் சிரித்தாள். சிரித்தவள் சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். லிஃப்ட்காரர் ஓவன் முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டார். கண்ணாடிக்குள் மாவு எழும்பிச் சிவக்கும் வரையில் எழுந்திருக்கவே இல்லை. மச்சினி இரண்டு தடவை வந்து, "சட்டைய மாத்துங்க அத்தான், வண்டி வந்துரும்" என்றாள். ரொட்டியை வெளியே எடுத்து வைத்துவிட்டுத்தான் சட்டையை மாற்றப் போனார்.

அடக்கம் சீக்கிரமே முடிந்துவிட்டது. தூறல் போட்டதால் ஆட்கள் குடைக்குள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். பேசத் தெரிந்தவர்கள் பேசினார்கள். மண் போடக் குனிந்தபோது, சிவந்து தடித்திருந்த அவர் விரல்களை எல்லோரும் பார்த்தார்கள்.

வீடு நிறைந்துவிட்டது. ஹோட்டலிலிருந்து வந்த டப்பாக்கள் மேசையின் இரண்டு பக்கமும் அடுக்கியிருக்க, நடுவில் பலகையின்மேல் ரொட்டி இருந்தது. தூங்குகிற நாயைத் தாண்டிப்போவதுபோல் கைகள் அதைச் சுற்றிக்கொண்டு டப்பாக்களுக்குப் போயின. தையற்காரம்மா வந்திருந்தாள். பலகையைப் பார்த்ததும் பிள்ளைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

லிஃப்ட்காரர் கத்தியை எடுத்தார். மேலோடு மொறுமொறுவென்று உடைந்தது. ஒரு துண்டை வெட்டி, தட்டில்கூட வைக்காமல் கையில் பிடித்துக்கொண்டு, நின்றபடியே கடித்தார். பேச்சு ஒவ்வொரு மூலையாக நின்றுபோயிற்று. காளானில் மழை பெய்த மரத்தடியின் வாசனை இருந்தது. கீரையில் எரிச்சல் எதுவும் இல்லை. லேசான கசப்பு, அதன்மேல் பூண்டு. நன்றாக இருந்தது. இத்தனை வருஷமும் இப்படித்தான் இருந்திருக்கும்.

"ரத்தக்குழாய் வெடிச்சுருச்சுன்னு டாக்டர் சொன்னார்" என்றார், யாரையும் குறிப்பாகப் பார்க்காமல். "அதுதான் நடந்தது. இந்த மாவ அவ அன்னிக்குக் காலையில பிசைஞ்சா. வேணுங்கறவங்க எடுத்துக்கலாம்."

மகள் வந்து ஒரு துண்டு எடுத்துக்கொண்டு போனாள். வேலையிடத்து சூப்பர்வைசர் தொண்டையைச் செருமிவிட்டு, "நான் வீட்டுலயே சாப்பிட்டுட்டேன் சார்" என்று கைகுலுக்கிக் கிளம்பினார். வேறு இரண்டு பேர் அவர் பின்னாலேயே போனார்கள். தையற்காரம்மா ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு படியிறங்கினாள். 

லிஃப்ட்காரர் அதற்கெல்லாம் அசையவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டாவது துண்டை வெட்டினார். மென்று முடித்ததும் மூன்றாவதை வெட்டித் தட்டில் வைத்தார்.

கூட்டம் வடிந்த பிறகுதான் மச்சினி மேசைக்கு வந்தாள். காலி டப்பாக்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள். மேசையைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். பிறகு துணியைக் கீழே வைத்துவிட்டு, அவர் தட்டிலிருந்த துண்டை எடுத்து, ஓரத்தில் துளியூண்டு கிள்ளி வாயில் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். அடுத்த கடி பெரிதாக இருந்தது.

"உப்பு கம்மி அத்தான்."

"ம்."

இன்னொரு தடவை கடித்து, நிதானமாக மென்றாள்.

"மாவுல இல்ல. மாவுல சரியாத்தான் இருக்கு. உள்ள வச்சதுலதான்."

"அது நான் போட்டது" என்றார் லிஃப்ட்காரர்.

அவள் உப்புக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து, ஒரு சிட்டிகை கிள்ளி, கடித்த இடத்தின்மேல் தூவிக்கொண்டாள். பிறகு காலால் ஸ்டூலை மேசைக்கு அருகே நகர்த்திப் போட்டு உட்கார்ந்தாள்.