சிக்னல் போட்டு நிறுத்திய கார்

“சிக்னல் போட்டுத்தான் ஓரங்கட்டியிருக்கான் எண்ட தம்பி,” என்று உள்ளே வந்த பெண்களிடம் சொல்லிக்கொண்டே, சுல்பா வெள்ளைச் சாரியின் தலைப்பை இழுத்து மஹ்மூதாவின் தோளில் ஊசி குத்தினாள். “உசிரு போற நேரத்திலயும் பொண்டாட்டிக்கு ஒண்டும் ஆகாமக் காரை நிப்பாட்டிட்டுத்தான் போயிருக்கான். யாருக்குக் கிடைக்கும் இப்படி ஒரு மனுசன்?”

வந்தவர்கள் “ஓம், ஓம்” என்று தலையாட்டி மூக்கைச் சிந்தினார்கள். மஹ்மூதாவுக்கு வந்தது அழுகையில்லை, எரிச்சல். காலையிலிருந்து இந்தச் சிக்னல் கதையைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது. கத்தம் ஓதி முடிகிற வரைக்கும் இனி ஊரில் இந்தக் கதைதான் ஓடும்.

“ஊசி தோள்ல குத்துது மச்சி,” என்றாள்.

“பொறுமையா இரி புள்ள. இண்டையிலிருந்து நீ இத்தாவில இரிக்கிற பொம்பள. நாலு மாசம் பத்து நாள் வீட்டு வளவைத் தாண்டப்படாது, பிற ஆம்பிளைக்கு முகம் காட்டப்படாது. பொறுமைதான் உனக்கு இனி எல்லாம்.”

சுல்பா, மஹ்மூதாவின் புருஷன் இஸ்ஹாக்கின் மூத்த சகோதரி. அவளுக்குச் சிக்னல் மட்டும்தான் தெரியும். மீதி மஹ்மூதாவுக்குத்தான் தெரியும்.

விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டு வந்த இஸ்ஹாக் நெஞ்சைத் தடவிக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தார். முகமெல்லாம் வியர்வை. அடுத்த வீட்டுக்காரரைக் கூப்பிடுகிறேன் என்று அவள் எழும்பியபோது, “விடிஞ்சும் விடியாததுமா ஊரைக் கூட்டாத. நானே ஓட்டுறன், வா,” என்றார். அந்த மனுசனுக்கு எதையும் தானே ஓட்ட வேண்டும். புத்தளம் ஆஸ்பத்திரிக்கென்று கிளம்பி, பாலாவிக்கு இந்தப் பக்கம் உப்பளத்துக்குக் கிட்ட வந்ததும் சிக்னல் போட்டார், ஓரமாக நிறுத்தினார், கியரையும் ஒழுங்காகத் தள்ளினார். பிறகு ஸ்டியரிங்கில் சாய்ந்தார். அப்போதும் மூச்சு இருந்தது.

சுல்பாவின் கதையில் இல்லாதது இதுதான். மூச்சு இருந்தது. கார் ஓடுகிற நிலையில் நின்றது. ரோடு நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறது. மஹ்மூதா பக்கத்துச் சீட்டில் வெறும் மரக்கட்டை மாதிரி இருந்தாள். அவரைத் தள்ளி அந்தப் பக்கம் ஏறவும் பலமில்லை, ஏறினாலும் ஓட்டத் தெரியாது. இறங்கிக் கையைக் காட்டினாள். ஒரு பஸ் போனது, மோட்டார்சைக்கிள்கள் போயின. சிக்னல் லைட் அழகாக மினுங்கிக்கொண்டிருந்ததால், யாரோ மரியாதையான மனுசன் நிறுத்திப் போன் கதைக்கிறார் என்று நினைத்திருப்பார்கள். கடைசியில் வெங்காய லொறிக்காரர் ஒருவர்தான் நின்று, அவரைப் பின்சீட்டுக்கு மாற்றிக் காரை எடுத்துக்கொண்டு போனார். ஆஸ்பத்திரியில் டாக்டர், “கொஞ்சம் முந்திக் கொண்டு வந்திருந்தா,” என்று தொடங்கி, அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

ஓட்டப் பழக்கித் தாருங்கள் என்று அவள் கேட்காமலா இருந்தாள்? கார் வாங்கிய நாளிலிருந்து இஸ்ஹாக்கிடம் கேட்டாள்.

“என்னத்துக்கு? இன்னம் கொஞ்ச நாள்ல தானா ஓடுற கார் வந்துரும். ஏறி உக்காந்து புத்தளம் எண்டு சொன்னாப் போதும், புத்தளத்தில இறக்கி விடும். நீ இப்ப பழகினா அது தண்டமாப் போகும்.”

அபுதாபியில் இருக்கிற மகன் றஸ்மி அனுப்பிய வீடியோக்கள் அவருடைய போன் நிறைய இருந்தன. ஆளில்லாத சீட், தானாகத் திரும்புகிற ஸ்டியரிங். பள்ளிவாசலுக்கு வருகிறவர்களை மறித்து மறித்துக் காட்டுவார், தானே அதைச் செய்து முடித்த மாதிரி. ஒருநாள் அவள் கேட்டாள்.

“கற்பிட்டி ரோட்டில கழுதை படுத்துக் கிடந்தா இந்தக் கார் என்ன செய்யும்?”

“அதெல்லாம் கம்பியூட்டருக்குத் தெரியும்.”

“நீங்க இறங்கிக் குடையால தட்டித்தானே எழுப்புறீங்க. கம்பியூட்டர்ட்ட குடை இரிக்கா?”

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அன்று பின்னேரத் தேத்தண்ணியைக் குடிக்காமல் போனார். அந்தக் கதை அதோடு நின்றது. தானாக ஓடுகிற கார் வரவுமில்லை, இவள் பழகவுமில்லை.

மரண விசாரணை முடிந்து ஜனாஸா வீட்டுக்கு வந்தபோது லுஹர் தொழுகை நேரமும் தாண்டிவிட்டது. அஸர் தொழுகையோடு அடக்கம் என்றார்கள். காரை ஆஸ்பத்திரியிலிருந்து ஓட்டிவந்தது இஸ்ஹாக்கின் தம்பி முஸம்மில். வாசல் படலைக்குப் பக்கத்தில் தென்னை மரத்தடியில் விட்டுப் பூட்டி, திறப்பைத் தன் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டார்.

குளிப்பாட்டுகிற சத்தம் பின்பக்கத்தில் கேட்டுக்கொண்டிருக்கும்போது, அறைத் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் அவர் வந்து நின்று செருமினார்.

“மதினி, நான் முஸம்மில். கார் திறப்பு என்னட்டத்தான் இரிக்கி. அடக்கிட்டு வந்து நான் காரை எங்கட வீட்ட கொண்டு போறேன். ஓடாமக் கிடந்தா பற்றறி இறங்கிரும்.”

“இப்ப கார் கதையா முஸம்மில்?”

“உங்கட நல்லத்துக்குத்தான் மதினி. நீங்க இத்தாவில. எங்க போகப் போறீங்க?”

அவருடைய மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டாரைக் கூட்டிப் போகவும் வரவும் அவருக்கு ஒரு நல்ல கார் வேண்டும், அது ஊருக்கே தெரியும். நேரே கேட்டிருந்தால்கூட இவ்வளவு எரிச்சல் வந்திராது. பற்றறிக்காகப் பாவம் பார்க்கிறாராம்.

“திறப்பைத் தந்துட்டுப் போங்க. பொறகு கதைப்போம்,” என்றாள்.

“அது என்னட்ட இருக்கட்டும். உங்களுக்கு என்னத்துக்கு இந்தக் கரைச்சல்?” செருப்புச் சத்தம் தூரப் போனது.

சுல்பா போனைக் கொண்டுவந்து நீட்டினாள். றஸ்மி. விமானத்தில் இடம் கிடைக்கவில்லை, வாப்பாவின் முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை என்று குழந்தை மாதிரி அழுதான். அழாதே மகன் என்று தேற்றினாள். அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னான்.

“உம்மா, காரை சாச்சா கொண்டு போகட்டும். நீங்க அத வச்சி என்ன செய்யப் போறீங்க? கொஞ்ச வருசம் போகட்டும். இஞ்ச ஓடுற மாதிரி தானா ஓடுற கார் அங்கேயும் வரும். உங்களுக்கு ஒண்டு எடுத்துத் தாரேன்.”

வாப்பாவின் மூக்கு, வாப்பாவின் வாய், வாப்பாவின் கதை. மஹ்மூதா போனைச் சுல்பாவிடமே கொடுத்துவிட்டாள்.

கபன் துணி பொதிந்து முகத்தை மட்டும் திறந்து வைத்துப் பெண்களைக் கூப்பிட்டார்கள். தூங்குகிற மாதிரித்தான் இருந்தார். முந்தாநாள் மீன் விலைக்குச் சண்டை பிடித்த முகம். அவளுக்கு அழுகைக்கு முந்திக் கோபம் வந்தது. ஒரு பின்னேரம், ஒரேயொரு பின்னேரம் பழக்கித் தந்திருந்தால் இன்றைக்கு நீங்கள் கட்டிலில் படுத்துக்கொண்டு என்னை ஏசிக்கொண்டிருப்பீர்களே என்று கத்த வேண்டும்போல் இருந்தது. பிறகுதான் அழுதாள். “போதும் புள்ள, மையித்து மேல கண்ணீர் விழப்படாது,” என்று சுல்பா இழுத்துக்கொண்டாள்.

சந்தூக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆண்கள் புறப்பட்டார்கள். கலிமாச் சத்தம் ஒழுங்கையால் திரும்பி மெல்ல மெல்லக் குறைந்தது. முற்றத்தில் வெறும் பிளாஸ்டிக் கதிரைகள் கிடந்தன. வளவுக்குள் ஒரு ஆண் இல்லை. பெண்கள் விறாந்தையில் யாசீனை எடுத்து ஓதத் தொடங்கினார்கள்.

மஹ்மூதா தென்னை மரத்தடியைப் பார்த்தாள். அந்தக் கார் படலையைத் தாண்டினால் திரும்பி வராது. கல்யாணம் முடிந்தால் பெருநாள், பெருநாள் முடிந்தால் வேறொன்று. இத்தா முடிந்த பிறகும் யாராவது ஏற்றி இறக்க வருவார்கள் என்று அவள் காத்துக்கொண்டிருக்க வேண்டும். காலையில் இருந்த மாதிரி இன்னொரு தடவை யாருடைய பக்கத்திலும் இருக்க அவளால் முடியாது.

எழும்பி அறைக்குள் போய் அலுமாரியைத் திறந்தாள். காரோடு வந்த இரண்டாவது திறப்பு அவருடைய சாரங்களுக்கு அடியில் இருந்தது. எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினாள்.

“எங்க போற?” சுல்பா ஓதலை நிறுத்திவிட்டு ஓடி வந்தாள். “உனக்கென்ன பைத்தியமா? இத்தாவில இரிக்கிற பொம்பள.”

“வளவுக்குள்ளதானே மச்சி. வளவைத் தாண்டப்படாது எண்டு நீங்கதானே சொன்னீங்க.”

வலப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். கால் எட்டவில்லை. புருஷன் வீட்டு ஆண்கள் எல்லாரும் பனை மாதிரி உயரம். சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவிக் கம்பியைப் பிடித்து, முன்னால், இன்னும் முன்னால் இழுத்தாள். பிரேக்கை மிதித்துப் பொத்தானை அழுத்தினாள். அவர் செய்வதை எத்தனை வருடம் பக்கத்திலிருந்து பார்த்தவள். கியரை இழுத்தாள். பிஸ்மி சொல்லி, பிரேக்கிலிருந்து காலை மெல்ல எடுத்தாள்.

கார் தானாகவே நகர்ந்தது. இவ்வளவுதானா என்றிருந்தது அவளுக்கு. இந்த இவ்வளவுக்காகவா?

ஒரு பிளாஸ்டிக் கதிரை சாய்ந்தது. பெண்கள் யாசீனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோரமாக ஒதுங்கினார்கள். சுல்பா, “பிரேக்கு, பிரேக்கு,” என்றாள். விறாந்தைப் படிக்கு முன்னால் கார் கோணலாக நின்றது. மஹ்மூதா இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய், கைகால் முகம் கழுவி வுளூச் செய்துகொண்டு வந்து, சுல்பாவின் பக்கத்தில் இருந்து யாசீனைக் கேட்டு வாங்கினாள்.

ஆண்கள் திரும்பி வந்தபோது அவள் அறைக்குள் இருந்தாள். சன்னல் திரைக்கு வெளியே முஸம்மிலின் குரல் கேட்டது. “கார் எப்படி இஞ்ச வந்திச்சி?” விறாந்தையில் யாரோ சத்தமாக ஓதத் தொடங்கினார்கள், சுல்பாவின் குரல் மாதிரித்தான் இருந்தது.

கார்க் கதவு திறந்தது, மஹ்மூதா திரை இடுக்கால் பார்த்தாள். முஸம்மில் குனிந்து உட்காரப் பார்த்தார். முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கில் போய் இடித்தன. ஒருவழியாக உள்ளே மடிந்து உட்கார்ந்து, சீட்டுக்கு அடியில் கையை விட்டார்.

“முஸம்மில்,” என்றாள் மஹ்மூதா, திரைக்கு இந்தப் பக்கமிருந்து. “சீட்டைத் தொடாதீங்க. எனக்கு அளவா வச்சிருக்கிறேன்.”

அவர் கையை எடுத்தார். சன்னலைப் பார்த்தார், திரைதான் தெரிந்தது. ஒரு காலை வெளியே வைத்தார். மற்றக் காலை எடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.