கான்கிரீட்டில் நீந்தியவர்கள்

அமெரிக்காவின் தெற்கே இருக்கும் டன்ஃபோர்ட் நகராட்சி தன் பொது நீச்சல் குளத்தை 1961 ஆகஸ்டில் கான்கிரீட் ஊற்றி மூடியது. அந்தக் கான்கிரீட்டில் பிள்ளைகள் நீந்தத் தொடங்கியது 2009 ஜூன் இரண்டாம் வாரத்தில். இடைப்பட்ட நாற்பத்தெட்டு வருடங்களில் அங்கே குறிப்பிடும்படி எதுவும் நடக்கவில்லை. மூடிய காரணம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். கறுப்புப் பிள்ளைகளையும் குளத்தில் இறங்கவிட வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அடுத்த வாரமே ஒன்பது லாரிக் கலவை வந்து இறங்கியது. வெள்ளைக்காரக் குடும்பங்கள் மேட்டுப் பக்கம் தனியார் மன்றங்கள் வைத்து அதற்குள் குளம் கட்டிக்கொண்டன. தாழ்வில் கறுப்பினத்தவர் இருக்கும் பாட்டம் பகுதிக்கு ஆறு மட்டும் மிஞ்சியது. நீந்தத் தெரியாதவர்கள் பெற்ற பிள்ளைகளுக்கும் நீந்தத் தெரியவில்லை. சராசரியாக இரண்டு வருடத்துக்கு ஒருவரை ஆறு கொண்டுபோனது.

2009 மே மாதம் கொண்டுபோனது டெஸ்மண்டை. பதினான்கு வயது. தேவாலயத்து உல்லாசப் பயணம். கரையில் பெரியவர்கள் ஏழு பேர் நின்றிருந்தார்கள், ஏழு பேருக்கும் நீந்தத் தெரியாது. அவனுடைய அத்தை வெர்னீஸ் டாலிவருக்குத் தெரியும். இளம் வயதில் ஐந்து வருடம் கடற்படையில் இருந்தவர் அவர். ஆனால் அந்த நேரத்தில் மாவட்ட மருத்துவமனையின் சலவைக் கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார். அடக்கம் முடிந்த பிறகு பத்து நாள் விடுப்பு எடுத்தார். முதல் நாளே ஒரு பெட்டி சாக்கட்டியோடு போய், மூடிய குளத்தின் மேல் ஆறு நீள் கோடுகள் போட்டு, பதினொரு பிள்ளைகளைக் குப்புறப் படுக்கவைத்துக் கை வீசக் கற்றுக்கொடுத்தார். தண்ணீர் இல்லாவிட்டாலும் கை அசைவாவது பழகட்டும் என்று நினைத்தார். மூன்றாம் நாள் கியாரா என்ற எட்டு வயதுப் பெண்ணின் கை முழங்கை வரை தரைக்குள் இறங்கியது.

"மிஸ் வெர்னீஸ், இங்க ஈரமா இருக்கு."

"பேசாம கையை வீசு கண்ணு. மூச்சை வெளிய விட மறக்காத."

அன்று மாலைக்குள் பதினொரு பேரும் மார்பளவு தண்ணீரில் இருந்தார்கள். தண்ணீர் சுத்தமாக இருந்தது, லேசாகக் குளோரின் வாடை அடித்தது. சாக்கட்டிக் கோடுகள் அடியில் தெளிவாகத் தெரிந்தன.

விதிகள் சீக்கிரமே புரிந்துவிட்டன. வெர்னீஸ் விளிம்பில் நிற்கும்வரைதான் தண்ணீர். அவர் கிளம்பிய கால் மணி நேரத்தில் தரை இறுகிவிடும். இறுகிய பிறகு, பெரிய சாவு வீடுகளுக்கு வருகிறவர்கள் வழக்கம்போல அதன்மேல் கார் நிறுத்துவார்கள். தேவாலயத்துப் பெண்கள் சங்கத் தலைவி சிஸ்டர் யுலேலி பூன் ஒருநாள் வெர்னீஸுக்குப் பதிலாகத் தான் நின்று பார்த்தார். பிள்ளைகளுக்கு முட்டி சிராய்த்ததுதான் மிச்சம். ஆக, பாட்டம் பிள்ளைகள் நீந்துவதும் நீந்தாததும் வெர்னீஸின் பகல் பொழுதைப் பொறுத்தது. அந்தப் பகலோ திங்கள் முதல் சனி வரை சலவைக் கூடத்துக்குச் சொந்தம். ஞாயிறு ஆராதனைக்குப் பின் இரண்டு மணி நேரம் கிடைத்தது. மற்ற நாட்களும் வேண்டுமென்றால் சலவைக் கூடத்துச் சம்பளத்தை வேறு யாராவது கொடுக்க வேண்டும். இதற்காகத்தான் அவர்கள் பாட்டம் நீச்சல் சங்கத்தைப் பதிவுசெய்து, 2010-ல் ஆஷ்கிராஃப்ட் சமூக அறக்கட்டளையிடம் விண்ணப்பித்தார்கள். ஊர் முன்னேற்றத்துக்கு உதவும் அறக்கட்டளை அது. மூலதனம் பெரும்பாலும் பழைய சிமென்ட் குடும்பங்கள் விட்டுச்சென்றது. விண்ணப்பம் இருபத்து மூன்று பக்கம்.

2011 ஏப்ரலில் மூன்று பேர் நேரில் பார்க்க வந்தார்கள். இங்கேதான் பாட்டம் ஒரு தவறு செய்தது. மேட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்றால் வீட்டில் இருப்பதிலேயே நல்ல துணியை உடுத்தி நிற்பது அங்கே தலைமுறைப் பழக்கம். முந்தின நாள் சனிக்கிழமை முழுக்க அடுப்பில் சீப்பைக் காயவைத்துப் பெண் பிள்ளைகளின் தலைமுடியை நீட்டி நேராக்கியிருந்தார்கள். அப்படி நேராக்கிய முடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் எல்லாம் பழையபடி சுருண்டுகொள்ளும். வெர்னீஸ் நீச்சல் உடை என்று ஆரம்பித்ததுமே சிஸ்டர் யுலேலி தடுத்துவிட்டார்.

"வெளியாளுங்க முன்னாடி நம்ம புள்ளைங்க ஈரத்தலையோட நிக்கணுமா? நான் உயிரோட இருக்கறப்ப நடக்காது."

எனவே முப்பது பிள்ளைகள் பாலிஷ் போட்ட ஷூக்களோடு நாற்காலிகளில் அமர்ந்து வேதவசனம் சொன்னார்கள். வந்தவர்கள் பொரித்த கெளுத்தி மீனும் சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பணியாரமும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். ஒருவர் குதிகாலால் கான்கிரீட்டைத் தட்டிப் பார்த்தார். 'மிகச் சிறப்பாக ஒழுங்கமைந்த சமூகம். அவசரத் தேவை எதுவும் தென்படவில்லை' என்று அறிக்கை வந்தது. சிஸ்டர் யுலேலி அந்த அறிக்கையின் முதல் பாதியைத் தேவாலய அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்.

2013-ல் மறுபடி வந்தபோது பிள்ளைகள் தண்ணீரில் இருந்தார்கள். மெரிடித் காஃப்மன் என்ற அறக்கட்டளையின் புது அதிகாரி குறிப்பேட்டைத் தலைக்கு மேல் பிடித்தபடி இடுப்பளவு இறங்கி நின்று அழுதார். பார்த்ததைப் பார்த்தபடியே எழுதவும் செய்தார். ஏற்கெனவே செலவில்லாமல் நடப்பதற்குப் பணம் எதற்கு என்று அறங்காவலர் குழு கேட்டது. தவிர, புதிய திட்டங்களுக்கு மட்டுமே நிதி, நடந்துகொண்டிருப்பதற்கு இல்லை. அதனால் அதே நீச்சலை ஒரு வருடம் 'இளையோர் தலைமைப் பண்பு' என்றும், அடுத்த வருடம் 'ஆற்றோரப் பாதுகாப்பு' என்றும், அதற்கடுத்து 'குடும்ப ஆரோக்கியம்' என்றும் எழுதினார்கள். நிதி வந்தது. இருநூறு டி-ஷர்ட்டுகள் வாங்க வந்தது. ஐந்தாண்டுத் தொலைநோக்கு வரைந்து தர அட்லாண்டாவிலிருந்து ஓர் ஆலோசகரை வரவழைக்க வந்தது. தண்ணீரின் ஆழத்தை அளக்கும் கருவி ஒன்றையும் பொருத்தினார்கள்; பிள்ளைகள் தலைகீழாகக் குதித்துக்கொண்டிருக்கும்போதும் அது பூஜ்யம் காட்டியது. சம்பளம் என்ற வரி மட்டும் ஒவ்வொரு முறையும் அடித்துத் திருப்பி அனுப்பப்பட்டது. 2016-ல் மெரிடித் சலவைக் கூடத்துக்கே வந்து, இஸ்திரி யந்திரத்தின் சத்தத்துக்கு மேலே பேசினார்.

"சம்பளம்னு எழுதாதீங்க மிஸ் டாலிவர். திட்டச் செலவுன்னு ஏதாவது காட்டுங்க."

"நான் அங்க போய் நிக்கிறதுதாம்மா திட்டம். வேற ஒண்ணும் இல்ல."

"எனக்குப் புரியுது."

"உங்களுக்குப் புரியுது. மூணு வருஷமா இங்க வர்ற எல்லாருக்கும் புரியுது. புரிஞ்சவங்க ஒருத்தர் கையிலயும் கையெழுத்துப் போடற பேனா இல்ல."

மெரிடித் மறு வருடம் வேறு வேலைக்குப் போய்விட்டார். அவருக்குப் பின் வந்த இருவரும் இடுப்பளவு இறங்கினார்கள், அழுதார்கள், போனார்கள்.

2020 கோடையில் கறுப்பினத்தவருக்கு நீதி கேட்டு நாடு முழுக்க மக்கள் தெருவில் இறங்கியபோது, அறக்கட்டளையிலிருந்து முதல்முறையாக அவர்களே தொலைபேசியில் அழைத்தார்கள். கறுப்பினத்தவர் தலைமையில் நடக்கும் உள்ளூர் அமைப்புகளுக்கென்று தனி நிதி தொடங்கியிருக்கிறார்களாம். விண்ணப்பம் ஒரே பக்கம். சம்பளம் என்றே எழுதலாம். கதவளவு பெரிய அட்டைக் காசோலையோடு வெர்னீஸைப் படம் எடுத்தார்கள். அந்தப் படம் இன்னும் அறக்கட்டளையின் வரவேற்பறையில் இருக்கிறது. அவர் சலவைக் கூடத்தை விட்டார். 2021, 2022 இரண்டு கோடைகளிலும் வாரத்தில் ஆறு நாள் தண்ணீர் இருந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள் நீந்தக் கற்றார்கள். கான்கிரீட் ஊற்றிய நாளை இருபது வயதில் வேலியோரம் நின்று பார்த்த சிஸ்டர் யுலேலி, எண்பது வயதில் தலையில் இரண்டு பிளாஸ்டிக் உறைகள் மாட்டிக்கொண்டு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை போனார். அந்த இரண்டு வருடமும் ஆறு யாரையும் கொண்டுபோகவில்லை. 2022 டிசம்பரில் கடிதம் வந்தது. தனி நிதி தன் சுற்றை வெற்றிகரமாக நிறைவுசெய்துவிட்டது, அறக்கட்டளையின் கவனம் இனி தொழில்முனைவோர் பக்கம் திரும்புகிறது, இதற்குள் சங்கம் சொந்தக் காலில் நிற்கப் பழகியிருக்கும் என்று நம்புகிறோம். வெர்னீஸ் அதைச் சிஸ்டர் யுலேலிக்குப் படித்துக் காட்டினார்.

"தண்ணிக்குள்ள எவ கால ஊனி நிக்கிறா?" என்றார் சிஸ்டர் யுலேலி. "மேட்டுல இருக்கறவங்களுக்கு நீச்சலே தெரியாது போல."

ஐம்பத்தெட்டு வயதில் வெர்னீஸ் சலவைக் கூடத்துக்குத் திரும்பினார். இப்போது அதை ஓர் ஒப்பந்த நிறுவனம் நடத்தியது. ஞாயிறும் முறை வைத்து வேலை. குளத்தின் கான்கிரீட்மேல் புல் முளைக்கத் தொடங்கியது. 2023 ஜூனில் ஒரு செவ்வாய்க்கிழமை மதிய உணவு நேரத்தில், பாட்டத்திலிருந்து மூன்று மைல் நடந்து இரண்டு சிறுமிகள் மருத்துவமனையின் பின்முற்றத்துக்கு வந்தார்கள். துணி லாரிகள் வந்து நிற்கும் சிமென்ட் முற்றம் அது. கவுனுக்கு உள்ளே நீச்சல் உடை போட்டிருந்தார்கள். எப்போது திறப்பீர்கள் என்று கேட்டார்கள். வெர்னீஸ் மணி பார்த்தார். உணவு டப்பாவை மூடிவிட்டு, முற்றத்தின் விளிம்பில் போய் நின்றார். அழுக்குத் துணி வண்டிகள் இரண்டு மெல்லச் சாய்ந்து மூழ்கின.

ஒப்பந்த நிறுவனம் வண்டிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தது. பிறகு முற்றத்தைச் சுற்றி மஞ்சள் கோடு போட்டு, பன்னிரண்டு முதல் பன்னிரண்டரை வரை வாகனம் நிறுத்தக்கூடாது என்று பலகை வைத்தது. முற்றம் சிறியது, ஒரே நேரத்தில் எட்டுப் பேருக்கு மேல் முடியாது. வெர்னீஸ் வரிசைப்படி பெயர் எழுதினார். அடுத்த கோடைக்குள் தொண்ணூறு பேர் கற்றுக்கொண்டார்கள், இருநூற்றுப் பதினான்கு பேர் காத்திருந்தார்கள். 2024 ஜூலையில் ஆறு மறுபடியும் இரண்டு பேரைக் கொண்டுபோனது. காத்திருப்போர் பட்டியலில் ஒருத்தி அறுபத்தொன்றாவது, ஒருவன் நூற்று நாற்பதாவது. அந்த மாதம்தான் அறக்கட்டளை, முடிந்துபோன நிதிக்கான இறுதி அறிக்கை இன்னும் வரவில்லை என்று நினைவூட்டியது. 'கற்றுக்கொண்ட பாடங்கள்' என்ற கட்டத்தில் வெர்னீஸ் அந்த இருவரின் பெயர்களையும் வயதையும் எழுதினார். அறிக்கை எல்லா வகையிலும் முழுமையாக இருப்பதாகப் பதில் வந்தது.

இப்போதும் கோடையில் பன்னிரண்டு மணிக்கு லாரி ஓட்டுநர்கள் வண்டிகளைத் தெருவில் நிறுத்திவிட்டு நிழலில் அமர்ந்து சாண்ட்விச் சாப்பிடுகிறார்கள். தண்ணீர் தெறித்தால் காலை மடக்கிக்கொள்கிறார்கள். பன்னிரண்டு இருபதுக்கு வெர்னீஸ் எட்டுப் பேரையும் வெளியேற்றி, இரண்டு முறை தலையை எண்ணிவிட்டு, அழுக்குத் துணிகளுக்குத் திரும்பிப் போகிறார். தரை சரியாகப் பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு இறுகுகிறது. ஓட்டுநர்களில் ஒருவர் எழுந்து போய் ஷூ நுனியால் அழுத்திப் பார்க்கிறார், மற்றவர்களுக்குக் கை காட்டுகிறார், முதல் லாரி பின்பக்கமாக அதன்மேல் ஏறுகிறது.