பீரோவின் முதுகு

இது எந்த வருடம் நடந்தது என்று கேட்டால் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. எனக்குச் சொன்ன தையற்காரரே ஒருமுறை மழைக்கு முன்பு என்றார், இன்னொரு முறை மழை விட்ட பிறகு என்றார். ஏரிக்கரை மதகில் அன்று முதலில் கோபப்பட்டது யார் என்பதிலும் அவருக்குத் தடுமாற்றம் உண்டு. அளவுகளில் மட்டும் தடுமாற்றம் இல்லை, அவை நோட்டில் இருக்கின்றன. ஆகவே படிப்பவர்கள் அளவுகளை நம்பலாம். மற்றதெல்லாம் நான் கேட்டு மனதில் வைத்துக்கொண்ட விதம்தான்.

அந்த வியாழக்கிழமை பிற்பகல் தையற்காரர் ஒரு பள்ளிச் சீருடைச் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். கடை வாசலில் வெளிச்சம் மறைந்தது. பீரோ வந்தால் அப்படித்தான், ஆள் தெரிவதற்கு முன் வெளிச்சம் போகும். ஆனால் அன்று முழுக்கப் போகவில்லை, இரண்டு பக்கமும் கொஞ்சம் வெயில் உள்ளே வந்தது. தையற்காரர் அதைக் கவனித்தார். அப்போது ஒன்றும் நினைக்கவில்லை.

பீரோ என்பது ஒரு மனிதர். பஸ் டிப்போவில் டைம் கீப்பர், ஐம்பத்திரண்டு வயது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குத் தண்ணீர்த் தொட்டி அருகே சைக்கிளோடு கூடுகிற நால்வரில் ஒருவர். நால்வரும் நூறு கிலோவைத் தாண்டியவர்கள் என்பது பார்த்தாலே தெரியும். எவ்வளவு தாண்டினார்கள் என்று கேட்கக்கூடாது. அந்தக் கூட்டத்தின் ஒரே சட்டம் அதுதான். ஒருவரை ஒருவர் என்ன பெயர் வேண்டுமானாலும் சொல்லிக் கூப்பிடலாம், எடையின் எண்ணை மட்டும் வாய் திறந்து சொல்லக்கூடாது. இளைத்தாயா, பெருத்தாயா என்பதும் கிடையாது. ஆஸ்பத்திரியிலும் கல்யாண வீட்டிலும் சொந்தக்காரர் வாயிலும் கேட்டுப் புளித்த கேள்விகள் தண்ணீர்த் தொட்டிக்கு இந்தப் பக்கம் வரக்கூடாது என்று அவர்கள் என்றைக்கோ முடிவு செய்திருந்தார்கள்.

பீரோ என்ற பெயர் முதல் நாளே வந்தது. வளைவில் சறுக்கி, சைக்கிளோடு சாக்கடையில் இறங்கிவிட்டார். மூன்று பேர் தூக்கியும் அசையவில்லை. வழியில் போன ஒரு பால்காரர் நின்று பார்த்துவிட்டு, "பீரோவ நகத்துற மாதிரி ஒரு ஓரமாப் புடிச்சு நெம்புங்க சார்" என்று யோசனை சொன்னார். உள்ளிருந்து குரல் வந்தது: "மெதுவா நெம்புங்கப்பா, கதவு தொறந்துக்கப் போவுது." அவ்வளவுதான், பெயர் நின்றுவிட்டது. கார் ஓட்டக் கற்றுத்தருகிறவர் டபுள்ஸ். தனியாகத்தான் மிதிப்பார், ஆனால் டயர் அமுங்கியிருப்பதைப் பார்த்தால் பின்னால் யாரோ உட்கார்ந்திருப்பது போல இருக்கும். கணக்கு டீச்சர் பிரேக்கு. மேட்டின் உச்சியில் பிடித்த பிரேக்கை அடிவாரத்தில்தான் விடுவார், ரப்பர் தீயும் வாடை வந்தால் டீச்சர் வருகிறார் என்று பொருள். தையற்காரர் டேப்பு. இவர்கள் அளவுக்குச் சைக்கிள் டவுசர் எந்தக் கடையிலும் கிடைக்காததால் நால்வருக்கும் அவரே தைத்தார், உட்காருகிற இடத்தில் கறுப்பு நுரைப்பஞ்சு வைத்து. அதனால் சொல்லக்கூடாத எண்கள் எல்லாம் அவர் ஒருவருக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லாமலிருப்பது அவருக்குப் பெரிய காரியமாக இருக்கவில்லை. பொதுவாகவே அவர் பேச மாட்டார். வாயில் ஊசி வைத்துப் பழகியவர்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. உடம்பில் இருப்பதிலேயே பெரியவர் முன்னால் போவார், அவர் வேகம்தான் எல்லோருக்கும் வேகம். ஏரிக்கரையில் எதிர்க்காற்று பலமாக அடிக்கும், பீரோ முன்னால் போனால் பின்னால் வருகிறவர்களுக்கு அது தெரியாது. "பீரோ முதுகுக்குப் பின்னால தீக்குச்சி கொளுத்துனாக்கூட அணையாது" என்பார் டபுள்ஸ். பீரோ அதற்குத் திரும்பிப் பார்க்காமல் ஒரு கையை ஆட்டுவார். டிப்போவில் அவர் கைகாட்டினால் பஸ்கள் கிளம்பும். ஆனால் இந்த மூன்று சைக்கிள்கள் தன் பின்னால் வருவதில்தான் அவருக்குச் சந்தோஷம் இருந்தது என்று நினைக்கிறேன்.

"டவுசர் நழுவுது டேப்பு," என்றார் பீரோ, ஸ்டூலில் உட்கார்ந்து. "பிடிச்சுத் தச்சுக் குடு."

தையற்காரர் அளவெடுத்தார். இடுப்பு நாற்பத்தொன்றரை. நோட்டைப் புரட்டினார். ஐந்து மாதத்துக்கு முன் நாற்பத்தாறு. டேப்பை இன்னொரு முறை சுற்றினார். அதே நாற்பத்தொன்றரை.

"உள்ள பக்கத்துல ரெண்டு பக்கமும் பஞ்சு வெச்சுடு," என்றார் பீரோ. "வயித்துலயும் ஒரு தட்டு. பனியனுக்குள்ளயும் தோள்ல வெச்சுத் தர முடியுமா?"

"எதுக்குண்ணே?"

"ரோலர ஞாபகம் இருக்கா?"

இருந்தது. ரோலரும் இவர்களோடு இருந்தவர்தான். ஒரே வருடத்தில் இளைத்தார், காகிதம் போல எடையற்ற ஒரு சைக்கிள் வாங்கினார், பளபளப்பான சட்டை போட்ட வேகக்காரர்களோடு சேர்ந்தார். இப்போது ஏரிக்கரையில் இவர்களைத் தாண்டிப் போகும்போது கைப்பிடியிலிருந்து இரண்டு விரல்களை மட்டும் தூக்குவார். "வெச்ச பேரத் திருப்பிக் குடுத்துட்டுப் போயிருக்கலாம்" என்றார் டபுள்ஸ் அப்போது. அதற்குப் பிறகு ரோலர் என்ற சொல்லையே அவர் சொன்னதில்லை.

"நான் ஒண்ணும் போகப் போறதில்ல," என்றார் பீரோ. "ஆனா எளச்சுட்டேன்னு தெரிஞ்சா டபுள்ஸ் மூஞ்சி எப்படிப் போகும்னு உனக்கே தெரியும். அதுவா சரியாயிடும். அதுவரைக்கும் வை."

"சாப்பாடெல்லாம் எப்படிண்ணே?"

"எறங்க மாட்டேங்குது. வெயிலு."

"டாக்டர்கிட்ட…"

"டாக்டரு என்ன சொல்வாரு? எளைச்சதுக்குக் கை குலுக்குவாரு. முப்பது வருஷமா அதத்தானே சொல்லிட்டு இருந்தாரு." பீரோ சிரித்தார். "உங்க அண்ணி சாமிக்கு வேண்டிக்கிட்டது பலிச்சவ மாதிரி இருக்கா. சைக்கிள் வேலை செய்யுதுன்னு சொந்தக்காரங்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்றா."

தையற்காரர் பஞ்சு வைத்துத் தைத்தார். இடுப்பின் வளைவுக்குத் தக்கபடி மூன்று அடுக்கு வெட்டி, ஓரத்தைச் சரித்து, வெளியே விளிம்பு தெரியாமல் ஒட்டுத் துணி கொடுத்தார். நல்ல வேலை, இதை அவரே சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை ஏதும் இல்லை.

ஆனால் ஒரு விஷயம் அவரை விடவில்லை. தையற்காரர்களுக்குத் தெரிந்த விஷயம் அது. மிதித்து மிதித்து இளைக்கிறவனுக்கு வயிறு குறையும், தொடை இறுகும். கழுத்து அவ்வளவு சீக்கிரம் குறையாது. பனியனுக்காக அளந்தபோது பீரோவின் காலர் பதினாறு. நோட்டில் பதினேழரை இருந்தது. தோள் எலும்பின் முனை விரலுக்குத் தட்டுப்பட்டது. இருபத்தைந்து வருடத்தில் அந்த மாதிரிக் காலர் இறங்கியதை அவர் இரண்டு பேரிடம் பார்த்திருக்கிறார். இரண்டு பேரின் சட்டைகளும் பிறகு தம்பிமார்களுக்காகப் பிரித்துத் தைக்க வந்தன.

அவர் சொல்லியிருக்கலாம். சொல்லாததற்குச் சட்டம் இருந்தது, பீரோ கேட்டுக்கொண்டது இருந்தது, அவருடைய சுபாவம் இருந்தது. இதில் எது காரணம் என்று பிறகு பலமுறை யோசித்துப் பார்த்ததாகச் சொன்னார். இரண்டாவது வாரம் பீரோ மறுபடி வந்தார், இன்னொரு அடுக்குப் பஞ்சு. நான்காவது வாரம் இன்னொன்று. நடுவில் ஒருநாள் அண்ணி ரவிக்கைத் துணியோடு வந்து, "நல்லா எளச்சிட்டாரு, எல்லாம் உங்க புண்ணியம் தம்பி" என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள். தையற்காரர் துணியின் நீளத்தை இரண்டாவது தடவை அளந்தார், தலை நிமிராமல் இருக்க.

ஏழாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை காற்று பலமாக இருந்தது. ஏரி முழுவதும் சிற்றலை. வழக்கம்போல முன்னால் பீரோ, அடுத்தது தையற்காரர், பிறகு டபுள்ஸ், கடைசியில் பிரேக்கு. பின்னாலிருந்து பார்த்தால் அதே பீரோதான், அதே அகலம், நீலப் பனியன் காற்றில் படபடக்கிறது. கரைமேல் ஏறி நூறு அடி போயிருப்பார்கள். தையற்காரரின் இடது கன்னத்தில் சில்லென்று ஏதோ பட்டது. பிறகு வலது கன்னத்தில். கண்ணில் நீர் வந்தது. அவர் இன்னும் நெருங்கினார், பீரோவின் பின்சக்கரத்துக்கு ஒரு சாண் இடைவெளியில் மிதித்தார். அங்கேயும் காற்று இருந்தது. நான்கு வருடமாக அந்த இடத்தில் இல்லாத காற்று. படபடத்த பனியனுக்குள் அவர் தைத்த பஞ்சு தோளிலும் இடுப்பிலும்தான் இருந்தது, நடுவில் காற்று புகுந்து வந்தது.

"என்ன பீரோ, இன்னைக்கு ஜன்னலத் தொறந்து வெச்சுட்டியா?" என்று பின்னாலிருந்து டபுள்ஸ் கத்தினார். "காத்து வருதேய்யா!"

பீரோ கையை ஆட்டினார், திரும்பிப் பார்க்கவில்லை.

மதகில் நிறுத்தினார்கள். டீச்சர் பிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றினார். பீரோ சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார், டீ வேண்டாம் என்றார். தையற்காரர் சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்தார். எப்போதும் பையில் இருப்பதுதான், ஆனால் அங்கே வைத்து அவர் அதை எடுத்ததில்லை.

"அண்ணே, எந்திரிங்க."

"எதுக்குடா?"

"எந்திரிங்க."

கழுத்தைச் சுற்றிப் பிடித்தார். பீரோ அவர் மணிக்கட்டைப் பற்றினார். பற்றிய பிடியில் வலு இல்லை என்பதையும் தையற்காரர் கவனித்தார்.

"காலர் பதினஞ்சே முக்கா," என்றார் சத்தமாக. "நோட்டுல இருந்தது பதினேழரை. போன தடவ எடுத்த இடுப்பு முப்பத்தொம்பது. நாப்பத்தாறு இருந்தது."

கொக்கு ஒன்று மதகிலிருந்து எழுந்து போனது. டபுள்ஸ்தான் முதலில் கோபப்பட்டார் என்று நினைக்கிறேன்.

"யோவ் டேப்பு, இங்க என்ன பேசக்கூடாதுன்னு தெரியுமில்ல உனக்கு? புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

பீரோ தையற்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார். "தச்ச கையாலயே பிரிக்கிறியேடா," என்றார். கோபமாக இல்லை. ஒரு பஸ் நேரத்துக்கு வரவில்லை என்று எழுதுவது போலச் சொன்னார்.

டீச்சர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். "மன்னிச்சுக்கங்க பீரோ சார்," என்று சொல்லி, அவர் இடுப்பின் ஓரத்தில் ஒரு விரலை வைத்து அழுத்தினார். விரல் உள்ளே போனது, முதல் கணு வரை. எடுத்ததும் பள்ளம் மெதுவாக நிரம்பியது. டீச்சர் தன் விரலைப் பார்த்தார்.

"எத்தனை நாளா?"

பீரோ பனியனை இழுத்து இடுப்பை மூடிக்கொண்டார்.

"ஏழு வாரம்," என்றார் தையற்காரர். "நான்தான் தச்சேன்."

"எங்களுக்குத் தெரியக் கூடாதுன்னா?"

"ரோலர் மாதிரி போயிடுவேன்னு நெனப்பீங்கன்னு…" பீரோ டபுள்ஸைப் பார்த்தார், உடனே ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டபுள்ஸ் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கார் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் தவறாகத் திருப்பும்போது ஸ்டீயரிங்கைப் பிடித்து நிறுத்துகிற கைகள். கடைசியில், "நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வண்டி எடுத்துட்டு உன் வீட்டுக்கு வரேன்," என்றார். "பயப்படாத, கத்துக்கறவன் எவனையும் ஓட்ட விடமாட்டேன்."

பீரோ சிரித்தார். டீச்சரும் சிரித்தார், பிறகு பிளாஸ்க்கை மூடுவதற்காக வெகுநேரம் குனிந்திருந்தார்.

கிளம்பும்போது பீரோ பழக்கம்போல முன்னால் போய் நின்றார். டபுள்ஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவரைத் தாண்டினார்.

"இன்னைக்கு நான் போறேன். நீ பின்னால வா. காத்து அடிக்குது."

பீரோ நகரவில்லை. தையற்காரர் அவர் பக்கத்தில் நின்றார், டீச்சர் பின்னால். யாரும் அவசரப்படுத்தவில்லை. வெகுநேரம் கழித்து பீரோ சக்கரத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார், ஒரு முழம் இருக்கும்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் பார்த்ததில் வயிற்றில் கட்டி. இரைப்பையில் பாதியை எடுத்தார்கள். ஏழு வாரத்துக்கு முன்பே வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார் என்று அண்ணி சொன்னாள். அந்த வாக்கியத்தின் மீதியைத் தையற்காரர் அவளிடம் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பீரோ எட்டு மாதம் கழித்துத் திரும்ப வந்தார். பழைய சட்டைகளில் இரண்டு பீரோ நுழையலாம் போல இருந்தார், பெயர் மட்டும் மாறவில்லை. இரண்டு வருடம் டபுள்ஸின் முதுகுக்குப் பின்னால் மிதித்தார். பிறகு வருவது குறைந்தது, பிறகு நின்றது. மூன்றாவது வருடக் கடைசியில் இறந்துபோனார். டபுள்ஸுக்கு மூட்டு மாற்றினார்கள், இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சிக் காரில் ஏரிக்கரை வரை வந்து நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறார். டீச்சர் மாற்றலாகி வேறு ஊருக்குப் போனார், அங்கே மேடு இல்லை என்று எழுதியிருந்தார். தையற்காரர் இன்னும் மிதிக்கிறார், புதிதாக வந்த இரண்டு பேருக்கு முன்னால்.

அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் அந்த டவுசரைப் பிரித்துக் கொடுக்கச் சொல்லி பீரோ அனுப்பியிருந்தார். பிரித்த பஞ்சில் ஒரு துண்டு இப்போதும் தையல் மெஷினின் மேல் இருக்கிறது. இடுப்பின் வளைவு இன்னும் போகவில்லை. அதில் தையற்காரர் குண்டூசிகளைக் குத்தி வைத்திருக்கிறார். ஊசியை எடுத்தால் துளை கொஞ்ச நேரம் தெரியும், பிறகு மூடிக்கொள்ளும்.