முகுந்த் தன் முகத்தை உரித்துக்கொண்ட கதை

1

இந்தக் கதை என் தலையில் உதித்ததல்ல. சால்ட் லேக் ஷேர் ஆட்டோ ஒன்றில், முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்திருந்த கிரீஷ் என்ற இளைஞன் தன் அறைத்தோழனைப் பற்றிச் சொன்னது. பாதி சொன்னான், பாதி சிரித்தான். என் இடம் தாண்டிப் போயும் நான் இறங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் முதல் வரியை எழுதினேன்:

‘மனித உடலின் மிகப் பெரிய உறுப்பு தோல். அது ஓயாமல் பழைய செல்களை உதிர்த்துவிட்டு...’

அடித்துவிட்டேன். எட்டாம் வகுப்பு அறிவியல் வாடை. அடுத்தது:

‘முகுந்தின் முகம் சிவந்தது.’

வெட்கம் என்று நினைத்துவிடுவீர்கள். வெட்கம் பிற்பாடுதான். முதலில் வந்தது முகம் தேய்க்கும் ஸ்க்ரப்.

2

முகுந்த் கோவில்பட்டிக்காரன். வங்காளத்துக்கு வந்து, சால்ட் லேக் செக்டர் ஃபைவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. பருக்கள் போன பிறகும் அவற்றின் குழிகள் கன்னத்தில் தங்கிவிட்டன. கல்லூரியில் அவனை ‘ரவா தோசை’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவனும் திரும்பிப் பார்ப்பான். சிரிக்கவும் செய்வான். (இங்கே ஒரு சோகமான பத்தி இருந்தது. கிரீஷின் சிரிப்பு காதில் ஒலித்ததால் எடுத்துவிட்டேன்.)

பாலிகஞ்சில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண் சாய்பிரியா. பள்ளியில் வேதியியல் ஆசிரியை. இரு வீட்டுப் பெரியவர்களும் பேசி, பெண்ணின் போன் நம்பரை வாங்கிக் கொடுத்தார்கள். அவளோடு பேசிய முதல் நாளே முகுந்த் விழுந்துவிட்டான். அவள் தமிழ் பேசும்போது நடுநடுவே வங்காளத்துக்குத் தாவி, அங்கேயே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருவாள். அவன் போட்டோ அனுப்பட்டுமா என்றதற்கு, “போட்டோ வேண்டாம் பாபா, எல்லாரும் ஃபில்டர் போட்டுத்தான் அனுப்பறாங்க. ஞாயித்துக்கிழமை நேர்ல வாங்க” என்றாள்.

நேரில்! அதாவது, குழிகளோடு!

போனில் ஒரு வீடியோ பார்த்தான். இறந்த செல்களை அகற்றினால் உள்ளே புது முகம் காத்திருக்கிறதாம். வாரம் இரண்டு முறை என்று அதில் சொன்னதை, பயந்தவர்களுக்கான அளவு என்று முகுந்த் எடுத்துக்கொண்டான். காலையும் மாலையும் வால்நட் ஸ்க்ரப்பால் தேய்த்தான்.

“ஏலே, அது மூஞ்சியா, அடிப்பிடிச்ச பானையா? இந்தத் தேய் தேய்க்க!” என்றான் கிரீஷ்.

“பளபளன்னு வருதுல்லா?”

“எரியுதா?”

“எரிஞ்சாத்தான வேலை செய்யுதுன்னு அர்த்தம்.”

ஞாயிறு காலை, தோலை உரிக்கும் அமிலத் திரவம் ஒன்றையும் பூசிக்கொண்டு சட்டையை இஸ்திரி போட உட்கார்ந்தான். காலர் சரியாக வரவில்லை. மறுபடியும் போட்டான். திரவம் அதன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

3

பாலிகஞ்ச் வீட்டுக் கதவைத் திறந்தவர் சாய்பிரியாவின் அம்மா ஜெயலக்ஷ்மி.

(இவரை முதல் பிரதியில் கெடுபிடியான மாமியாராக எழுதினேன். நம்பும்படி இல்லை. உண்மையில் அவர் பயந்துதான் போயிருந்தார்.)

வந்தவனின் முகம் தக்காளி நிறத்தில் இருந்தது. மூக்கோரம் வெள்ளையாக உரிந்து, பேசும்போது ஒரு துணுக்கு ஆடியது.

“ஏங்க,” என்று கணவர் சுந்தரேசனிடம் கிசுகிசுத்தார், எல்லோருக்கும் கேட்கும்படி, “அம்மை போட்டிருக்குமோ?”

“உக்காருங்க தம்பி” என்ற சுந்தரேசன், தன் நாற்காலியை மட்டும் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டார். “முகம் என்ன இப்படி...”

“வெயில் சார்” என்றான் முகுந்த்.

ஜனவரி மாதம். சுந்தரேசன் குரங்குக் குல்லா போட்டிருந்தார்.

சந்தேஷ் இனிப்புத் தட்டோடு வந்த சாய்பிரியா அவனைப் பார்த்து அப்படியே நின்றாள். தட்டை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். வகுப்பில் சோதனைக் குழாயை அப்படித்தான் பார்ப்பாளாக இருக்கும்.

“ஏ மா! தினமும் தேய்ச்சீங்களா?”

முகுந்த் தலையாட்டினான்.

“அதுக்கு மேல ஆசிட் வேற?”

மறுபடி தலையாட்டினான். பொய் சொல்லத் தெம்பில்லை, உதடு எரிந்தது.

“எதுக்கு?”

“நீங்க நேர்ல வரச் சொன்னீங்கள்லா” என்றான்.

அவள் சிரித்தாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஜெயலக்ஷ்மிக்குத் தொற்றிக்கொண்டது. சுந்தரேசன் குல்லாவுக்குள் குலுங்கினார். முகுந்தும் சிரிக்கப் போய், கன்னம் இழுத்து, “ஆ!” என்று கத்தினான். அதற்கு இன்னொரு சிரிப்பு.

4

(இந்தப் பகுதியை நிறையத் தடவை எழுதினேன். இனிப்பு கூடிவிடுகிறது. குறைத்திருக்கிறேன்.)

சாய்பிரியா உள்ளே போய்த் தன் கிரீமை எடுத்து வந்தாள். விரலில் எடுத்து அவன் கன்னம் வரை கொண்டுபோனபோதுதான் அப்பா, அம்மா நினைவு வந்தது. விரல் காற்றில் நின்றது. வேறு வழியில்லாமல் அதைத் தன் மூக்கில் தடவிக்கொண்டு, டியூபை அவன் கையில் கொடுத்தாள்.

“நானும் தேய்ப்பேன். புதன்கிழமையும் ஞாயித்துக்கிழமையும் மட்டும். மெல்ல, விரல் நுனியால. அப்புறம் இந்த கிரீம். காலையில சன்ஸ்கிரீன். நீங்க இப்ப ஒண்ணும் தேய்க்கக் கூடாது. பச்சைத் தண்ணி, கிரீம், அவ்வளவுதான். சரியாகட்டும்.”

“பிடிச்சிருக்கா இல்லையான்னு...” என்று இழுத்தான் முகுந்த்.

“இன்னும் முகத்தையே பார்க்கலையே! எதைப் பிடிக்கறது?”

5

ஆறிய பிறகு, கரியாஹாட் கடைவீதியில் பார்க்கலாம் என்று முடிவாயிற்று. முகுந்த் துணைக்கு கிரீஷைக் கூட்டிப் போனான். கிரீஷ் சற்றுத் தள்ளி, தலையணை உறைக் கடையில் பேரம் பேசுவதுபோல் நின்று ஒட்டுக்கேட்டான்.

முகுந்தின் சிவப்பு போயிருந்தது. குழிகள் எங்கேயும் போகவில்லை. சாய்பிரியா நிதானமாகப் பார்த்தாள்.

“இதுதான் ஒரிஜினலா?”

“இதுக்கு மேல உரிக்க ஒண்ணுமில்லை” என்றான்.

அவள் ஏதோ பதில் சொன்னாள். அந்த நேரம் பார்த்து ஒரு மினிபஸ் ஹாரன் அடித்ததில் கிரீஷுக்குக் கேட்கவில்லை. முகுந்தைக் கேட்டால், “அது எனக்கு மட்டும் சொன்னதுலே” என்கிறானாம்.

கல்யாணத்தில் முடித்துப் பார்த்தேன். நாதஸ்வரம் கதையை அமுக்கிவிட்டது. “நண்பர்களாக இருப்போம்” என்று முடித்துப் பார்த்தேன். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, கிழித்துப் போட்டேன். பஸ்ஸின்மேல் பழியைப் போட்டு ஒதுங்கிக்கொள்கிறேன். ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன், அவள் சொன்னதை எழுதிக்கொள்ளுங்கள். கொஞ்சம் வங்காளம் கலந்திருக்கட்டும்:

“.............................................”