சாவி ஒப்படைத்த சீட்டு

நான் பூட்டு, சாவி வேலை செய்பவன். யாரிடம் சாவி கொடுத்தாலும் தேதி போட்டு ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பேன்: "சாவி ஒப்படைத்தேன். என்னிடம் மறுசாவி இல்லை." பின்னால் திருட்டுப் பழி வரக்கூடாதே என்று இருபது வருடமாக இதுதான் வழக்கம். கை தானாக எழுதிவிடும். அந்தக் கையை இப்போது வெட்டிப் போடலாம் போலிருக்கிறது.

மாடியில் இருக்கும் வீட்டுக்காரர் எங்கள் வாடகையை ஒரேயடியாக இரண்டு மடங்காக்கினார். வாடகை அலுவலகத்தில் மனுப் போட்டேன். வருடத்துக்கு நூற்றுக்கு ஐந்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்று உத்தரவு வந்தது.

"நீங்க குடியிருக்கிற வரைக்கும்தான் இந்த வரம்பு. காலி பண்ணிட்டா, அப்புறம் வர்றவங்ககிட்ட அவர் என்ன வேணா கேட்கலாம்," என்றார் அங்கிருந்த எழுத்தர் அம்மா. நான் எங்கே காதில் வாங்கினேன்? ஜெயித்த மிதப்பு.

வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார் என்று காத்திருந்தேன். வரவில்லை. படியில் பார்த்தால் சிரித்தார். என் மகளுக்குப் பென்சில் பெட்டி வாங்கிக் கொடுத்தார்.

"கத்திட்டிருந்தப்பவே தேவலை. அந்த மனுஷன் சிரிக்கிறது எனக்குச் சரியாப் படல," என்றாள் மனைவி.

"தோத்தவர் வேற என்ன பண்ணுவார்?" என்றேன்.

மூன்றாவது வாரம் எங்கள் சமையலறைச் சுவரில் ஈரம் தெரிந்தது. அதற்கு நேர் மேலே அவருடைய குளியலறை. கறை நாளுக்கு நாள் அகலமாகி, அடுப்பு வரை இறங்கியது.

"உங்க வீட்டுச் சுவரையும் தரையையும் உடைச்சுக் குழாய் மாத்தணும் தம்பி. நாலு நாள் உங்க மச்சான் வீட்டுல இருங்க. சாமானை என் மாடியறையில வச்சுக்கலாம்," என்றார். ஆட்களையும் அவரே அனுப்பினார். கட்டில், பீரோ, மகளின் சைக்கிள் எல்லாம் மேலே போயின. வெறும் வீட்டில் எங்கள் பேச்சே எங்களுக்கு எதிரொலித்தது.

சாவிகளை அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவர் கையை மடக்கவில்லை. "என்ன தம்பி, எனக்கு மட்டும் சீட்டு கிடையாதா?" என்று சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தேன். மனைவி சிரிக்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை திரும்பினோம். கதவில் புதுப் பூட்டு. வீட்டுக்காரர் பாதிப் படி வரை இறங்கி வந்தார். கையில் என் சீட்டு.

"நீங்கதான் காலி பண்ணிட்டீங்களே தம்பி. சாமான் இல்ல, சாவி இல்ல, உங்க கையெழுத்தே இருக்கு. திரும்ப வர்றதுன்னா புதுசா ஒப்பந்தம் போடலாம்." வாடகை, அன்று கேட்ட அதே இரண்டு மடங்கு.

பூட்டைப் பார்த்தேன். மட்டமான சரக்கு. என் பையில் இருக்கும் கம்பிக்கு ஒரு நிமிட வேலை. ஆனால் இப்போது நான் திறந்தால் எனக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று தெரியும். அவருக்கும் தெரியும், போனைத் தயாராகப் பிடித்திருந்தார்.

மகள் என் சட்டையை இழுத்தாள். "நீதான் எல்லாப் பூட்டையும் திறப்பியே. திறப்பா."

பையைத் தோளிலிருந்து இறக்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.