உளுந்து படித்த சொல்

கண்ணபிரான் நாய்க்குட்டியை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு திரும்பி வந்தபோது அவர் முகத்தில் ரத்த ஓட்டமே இல்லை. வண்டியை வழியிலேயே போட்டுவிட்டு நடந்து வந்திருந்தார். பக்கத்துக் காட்டில் விவசாயம் பார்க்கிறவர். பழுது பார்த்த மோட்டாரை வாங்கிக்கொண்டு சற்று முன்னால்தான் கிளம்பிப் போயிருந்தார்.

"ஏவே இசக்கிமுருகன், இந்தாரும், பிடியும். நாலுவழிச் சாலை வரைக்கும் என் வண்டிக்குப் பின்னாலயே வந்திருக்கு. லாரிக்காரன் பிரேக் போட்ட சத்தத்துலதான் திரும்பிப் பாக்கேன். ஒரு சாண் இடவெளி. அவ்வளவுதான்."

இசக்கிமுருகன் குட்டியை வாங்கி மார்போடு அணைத்தார். அதன் இதயம் அவர் உள்ளங்கையில் தடதடவென்று அடித்தது.

"நீரு கூப்பிட்டீரா?"

"நான் எதுக்குவே கூப்பிடுதேன்? 'வாரேன்'னு சொல்லிட்டுக் கிளம்பினேன். நாய்க்கு வாத்தியார் வேலை பாக்கீருல்லா, ரோட்டைக் கடக்கவும் சொல்லிக் குடும்."

இசக்கிமுருகனுக்கு இடைசெவல் பக்கம், வீட்டை ஒட்டியே, மோட்டார் காயில் சுற்றும் கடை. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, எத்தனை சுற்று, எந்தப் பக்கம், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்ப்பது அவருக்குத் தொழில் மட்டுமல்ல, ருசியும்கூட. அந்த ருசியோடுதான் நாய்க்குட்டியையும் பழக்கினார். தை மாதம் உளுந்துச் செடி பிடுங்கிப் போட்ட குவியலுக்குள் கண் திறக்காமல் கிடந்த குட்டி. நிறமும் உளுந்தின் நிறமே. அதனால் பெயர் உளுந்து.

நாயைப் பழக்குவதில் மந்திரம் எதுவும் இல்லை என்பார். நெத்திலிக் கருவாட்டில் ஒரு துண்டைக் குட்டியின் மூக்குக்கு மேலே பிடித்து, மெல்லத் தலைக்குப் பின்னால் கொண்டுபோனால், மூக்கு மேலே போகும், பின்பக்கம் தானாகத் தரையில் இறங்கும். இறங்கிய கணத்தில் 'உக்காரு' என்று சொல்லிக் கருவாட்டைக் கொடுத்துவிட வேண்டும். ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்குள் கொடுக்க வேண்டும். மூன்றை எட்டிவிட்டால், எதற்காகக் கிடைத்தது என்பது நாய்க்குத் தெரியாது. இப்படி மூன்றே நாளில் உட்கார்ந்தது. ஒரு வாரத்தில் கை கொடுத்தது. 'வா' என்றால் எங்கே இருந்தாலும் சொன்னவர் காலடிக்குப் பாய்ந்து வந்து நின்றது.

அப்படிப்பட்ட குட்டி, கூப்பிடாத ஆளின் பின்னால் ஏன் போக வேண்டும்?

மறுநாள் பால்காரி முப்பிடாதியின் பின்னால் போனது. மீன்காரர் பின்னால் போகவில்லை. காரணத்தின் நுனியை இசக்கிமுருகன் அங்கேயே பிடித்துக்கொண்டார். மீன்காரர் கூடையைத் தூக்கியதும் பேசாமல் நடக்கிற ஆள். முப்பிடாதி 'வாரேன்' சொல்லாமல் கிளம்பமாட்டாள்.

சோதித்துப் பார்த்தார். சட்டையைப் போட்டுக்கொண்டு பேசாமல் வாசலைத் தாண்டினார். உளுந்து படுத்த இடத்தில் படுத்திருந்தது. திரும்பி வந்து, "வாரேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார். அம்பு மாதிரி வந்து காலடியில் நின்றது. அவர் நடக்க நடக்க அதுவும் கூடவே வந்தது.

இசக்கிமுருகன் தெருவிலேயே நின்றுவிட்டார். குட்டி தவறே செய்யவில்லை. 'வா' என்ற ஒலியைக் கேட்டது, சொன்னவரிடம் போனது, அவ்வளவே. சொன்னவர் நகர்ந்துகொண்டிருந்தால் அது என்ன செய்யும்? போகிறபோது 'வாரேன்' என்று சொல்கிற ஊரில், கூப்பிட 'வா' என்று பழக்கியவர் அவர்தான். லாரிச் சக்கரத்துக்கு வழிகாட்டியவரும் அவரே.

வீட்டுக்குள் வந்து, "இன்னையிலேருந்து கிளம்பும்போது யாரும் 'வாரேன்'னு சொல்லப்படாது. பேசாம எந்திரிச்சுப் போகணும்" என்றார்.

மனைவி சீனித்தாய் அரிவாள்மணையிலிருந்து தலையைத் தூக்கினாள். அவள் கையிலிருந்த கத்தரிக்காய் அப்படியே நின்றது.

"துட்டி வீட்டுலேருந்துதாங்க சொல்லாம போவாவ."

இழவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் 'வாரேன்' என்று சொல்வதில்லை. சொன்னால் இன்னொரு இழவுக்கு வர நேரும் என்ற பயம். தன் வீட்டை அவரே ஒரு வார்த்தையில் அப்படி ஆக்கியிருந்தார்.

"அப்ப நான் 'போறேன்'னு சொல்லிட்டுப் போறேம்ப்பா" என்றாள் மகள் காவியா, சிரித்துக்கொண்டே. அம்மா திரும்பிப் பார்த்த பார்வையில் சிரிப்பு அடங்கியது.

காவியாவுக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. பத்து நாளில் புறப்பட வேண்டும். ஆர்டர் வந்து இருபது நாளாகியும் சீனித்தாய் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒப்புக்கொண்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காவியா பெட்டி வாங்கக் கோவில்பட்டிக்குக் கிளம்பி "வாரேம்மா" என்றால், "ம்" என்பாள். கல்லூரிக்குப் போன காலத்தில் அடுப்படியிலிருந்தே "போயிட்டு வா தாயி" என்று குரல் வரும். அப்போதெல்லாம் உளுந்து வாசல் வரை ஓடிவிட்டு, சட்டென்று திரும்பி அடுப்படிக்கு ஓடும். குட்டியின் விளையாட்டு என்று வீட்டில் சிரிப்பார்கள். இசக்கிமுருகனும் சிரித்திருக்கிறார். ஏன் திரும்புகிறது என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை.

பத்து நாள் இருந்தது. தடையை எடுத்துவிட்டு, பழக்கியதைக் கழற்ற முடியுமா என்று பார்த்தார். வெளியே போகிறவர்கள் எல்லாரும் 'வாரேன்' என்று சொல்ல வேண்டும். பின்னால் வந்தால் குட்டிக்கு ஒன்றும் கிடையாது. இருந்த இடத்திலேயே உட்கார்ந்தால் கருவாடு. காவியா ஒரு நாளைக்கு இருபது முறை ஓசூருக்குப் புறப்பட்டாள்.

"வாரேம்ப்பா. இன்னைக்கு இது பதினோராவது ஓசூர்."

"சிரிக்காத, ஏட்டி. சிரிச்சா அது விளையாட்டுன்னு நினைச்சுக்கிடும்."

எட்டாவது நாள் உளுந்து அசையாமல் உட்கார்ந்து, அவர் பாக்கெட்டையே பார்த்தது. இசக்கிமுருகனுக்குப் பெருமை தாங்கவில்லை. கண்ணபிரானைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"வாரேன்" என்றார் கண்ணபிரான். குட்டி உட்கார்ந்தே இருந்தது. "வாரேன், வாரேன், வாரேன்." அசையவில்லை. "ஏவே, என் வீட்டு ஆள்கூட நான் சொன்னா இப்படி உக்காந்ததில்ல."

புறப்படுகிற நாள். உளுந்தையும் பேருந்து நிறுத்தத்துக்குக் கூட்டிவர வேண்டும் என்று காவியா பிடிவாதம் பிடித்தாள். கழுத்தில் கயிறு போட்டே கூட்டிப்போனார்கள். ஆனி மாதத்துக் காற்று கரிசல் புழுதியை வாரிக்கொண்டு சாலையில் குறுக்கே அடித்தது.

பேருந்து வந்தது. இசக்கிமுருகன் கயிற்றின் நுனியைக் காலால் மிதித்துக்கொண்டு பெட்டியைத் தூக்கினார். பெட்டி கனம். படியில் ஏற்ற ஓர் அடி முன்னால் வைத்தார். மிதித்திருந்த காலைத்தான் முன்னால் வைத்தோம் என்பது அப்போது அவருக்குத் தெரியவில்லை.

காவியா ஜன்னலோரம் உட்கார்ந்து தலையை நீட்டினாள்.

"அம்மா, வாரேன்."

சீனித்தாய் வாயைத் திறக்கவில்லை. பேருந்து நகர்ந்தது.

உளுந்து பாய்ந்தது.

பத்து நாள் படிப்பில் ஓட்டை எங்கே என்பது இசக்கிமுருகனுக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. நாய் ஒரு பாடத்தை இடத்தோடு சேர்த்துத்தான் படிக்கும். முற்றத்தில் படித்தது முற்றத்துக்கு. இது வேறு இடம், வேறு காற்று, கைகளில் கருவாடு மணக்காத நேரம். எல்லாம் தெரிந்தது. ஆனால் வாயில் வந்த சொல், "நில்லு."

"நில்லு! ஏலே, நில்லு!"

அவர் அந்தச் சொல்லைக் குட்டிக்கு ஒருமுறைகூடச் சொல்லிக் கொடுத்ததில்லை.

பேருந்து சர்வீஸ் ரோட்டிலிருந்து நாலுவழிச் சாலைக்கு ஏறியது. குட்டி கயிற்றை இழுத்துக்கொண்டு பின்னாலேயே ஏறியது. வலப்பக்கம் சிமென்ட் லாரி ஒன்று ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டு வந்தது. காவியா ஜன்னலில் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். இசக்கிமுருகனின் கால்கள் நட்டுவைத்த கல்லாக நின்றன.

அப்போது அவர் பக்கத்தில், ஒரு மாதமாகத் தொண்டையில் நின்ற சொல் வெளியே வந்தது. அழுகையும் சத்தமுமாக, சீனித்தாயின் குரல்.

"போயிட்டு வா தாயி! போயிட்டு வா!"

சாலையின் நடுவில் குட்டி நான்கு காலையும் ஊன்றி நின்றது. திரும்பியது. வந்த வேகத்திலேயே பாய்ந்தது. அது இழுத்து வந்த கயிற்றின் நுனியை நசுக்கிக்கொண்டு லாரி காற்றை வாரி அடித்துவிட்டுப் போனது. குட்டி சீனித்தாயின் காலடிக்கு வந்து விழுந்தது. கயிற்றின் நுனி தட்டையாகக் கிடந்தது.

கயிற்றை எடுத்துக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டபோதுதான் இசக்கிமுருகனுக்கு விஷயம் விளங்கியது. காயிலுக்கு இரண்டு முனை. ஒரு முனையை மட்டும் இணைத்துவிட்டு மோட்டார் ஏன் ஓடவில்லை என்று எந்த மெக்கானிக்காவது கேட்பானா? போகிறவர் 'வாரேன்' என்றால், இருக்கிறவர் 'போயிட்டு வா' என்று சொல்ல வேண்டும். இரண்டிலும் 'வா' உண்டு; ஒன்று குட்டியை வாசலுக்கு இழுக்கும், மற்றொன்று வீட்டுக்குத் திருப்பும். கண்ணபிரானுக்கும் முப்பிடாதிக்கும் தான் வெறும் "சரி" சொல்லி அனுப்பியது நினைவுக்கு வந்தது.

உளுந்து சீனித்தாயின் முன்னால் ஒழுங்காக உட்கார்ந்து, கையையே பார்த்தது. கூப்பிட்டார்கள், வந்துவிட்டது, இனிக் கிடைக்க வேண்டியது கிடைக்க வேண்டும்.

அவளும் அப்போதுதான் தன் கையைப் பார்த்தாள். மகளுக்குக் கட்டிய இட்லிப் பொட்டலம் அங்கேயே இருந்தது.

"ஐயோ, பிள்ளைக்குக் குடுக்கலையே." அப்படியே தரையில் உட்கார்ந்து, நூலைப் பிரித்தாள். ஒரு இட்லியைப் பிட்டுக் குட்டிக்கு நீட்டினாள்.

போன் அடித்தது. சீனித்தாய் ஸ்பீக்கரில் போட்டாள். காவியாவின் குரல் உடைந்து வந்தது. "அம்மா, உளுந்து?"

"இருக்கு. உன் இட்லியைத் திங்குது. உளுந்து உளுந்தைத் திங்குது. நீ கோவில்பட்டியில எதாவது வாங்கிச் சாப்பிடு."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, "வச்சிருதேம்மா. வாரேன்."

உளுந்தின் காது நிமிர்ந்தது. போனைப் பார்த்தது, சாலையைப் பார்த்தது. இசக்கிமுருகன் சட்டென்று கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"போயிட்டு வா தாயி" என்றாள் சீனித்தாய்.

குட்டி அவள் பக்கம் திரும்பி, அடுத்த இட்லிக்கு உட்கார்ந்தது.