குறை சொல்ல ஒன்றுமில்லை

தர்மம் கேட்பதற்காக, லயனல் பிரேஸ்வெல் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு வெள்ளித் தேநீர்க் கெண்டியை இரவல் வாங்கிக்கொண்டு வந்தார். இதைவிடக் கிறுக்குத்தனமான காரியத்தை லட்லோ ஊரில் அந்த வாரம் வேறு யாரும் செய்திருக்க முடியாது என்பது அவருக்கே தெரியும். தெரிந்தும் வாங்கினார். சொந்தக் கெண்டி போன ஏப்ரலிலேயே ஏலத்துக்குப் போய்விட்டது.

லண்டனில் ஒரு பழைய அறக்கட்டளை இருந்தது. இசைக்கருவிகளை விற்றும் பழுதுபார்த்தும் பிழைத்தவர்கள் நொடித்துப்போனால், அவர்கள் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு அது கைகொடுக்கும். லயனலின் பியானோ கடையை மூடி ஒரு வருடம் ஆகியிருந்தது. மகள் ஹெஸ்டருக்குத் தனியார் பள்ளியில் இன்னும் ஒரே ஒரு வருடப் படிப்பு பாக்கி. செப்டம்பரில் பணம் கட்டாவிட்டால் அவளுடைய இடம் போய்விடும். அவள் படிப்பது கிரேக்கமும் லத்தீனும். சுற்றுவட்டாரத்தில் வேறு எங்கும் அவற்றைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. செத்த மொழியை எதற்குப் படிக்கிறாள் என்று யாராவது சிரித்தால் லயனலும் சேர்ந்து சிரிப்பார். யாரும் வாங்காத பியானோவை விற்றவன் பெண் வேறு எப்படி இருப்பாள் என்பார்.

பதினேழு பக்க விண்ணப்பம். நாய் இருக்கிறதா, வேலைக்காரி உண்டா, கடைசியாக எப்போது வெளிநாட்டுக்கு உல்லாசமாகப் போனீர்கள் என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். எழுதும்போது லயனலுக்குக் காது மடல் சுட்டது. நன்றாக இருந்த காலத்தில், கையில் ஒயின் கோப்பையோடு அவர் எத்தனை விருந்துகளில் பிரசங்கம் செய்திருக்கிறார். அரசாங்க உதவிக்கு அலைகிறவர்கள் முதலில் சிகரெட்டை விடட்டும் என்று மேஜையைத் தட்டிச் சொன்ன மகானுபாவர் அவர்தான்.

விண்ணப்பம் தேறிவிட்டது. அடுத்து, அறக்கட்டளையிலிருந்து ஒரு பெண்மணி வீட்டுக்கே வந்து நிலைமையைப் பார்ப்பார். அவர் வரவிருந்த அன்று காலை லயனலின் அக்கா அர்சுலா போனில் பிடித்துக்கொண்டாள்.

"டேய் லயனல், அந்தம்மா வந்து உக்காந்ததும் நல்லா பஞ்சப்பாட்டு பாடு. ரெண்டு சொட்டு கண்ணீர் விட்டாலும் தப்பில்ல. வழக்கம்போல பெரிய மனுஷன் வேஷம் கட்டினேன்னு வை, பொண்ணு படிப்பு அம்போதான்."

சரிக்கா, சரிக்கா என்று கேட்டுக்கொண்டார். போனை வைத்துவிட்டு நேராகப் போய் வாசல் கதவின் பித்தளைப் பிடியைப் பளபளவென்று தேய்த்தார். விருந்தாளி வந்தால் வீடு வீடாக இருக்க வேண்டும் என்று வளர்ந்த உடம்பு, சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கூரை ஒழுகும் இடத்தில் வைத்திருந்த வாளியை மாடிப்படிக்கு அடியில் தள்ளினார். ஒரு வாரமாக மிச்சம் பிடித்து வைத்திருந்த விறகை எல்லாம் கணப்பில் போட்டு எரியவிட்டார். சால்மன் மீன் வைத்த சாண்ட்விச்சுகளை, ஓரம் வெட்டி, முக்கோணமாக அடுக்கினார். அப்பாவும் மகளும் மூன்று நாள் சாப்பிடும் காசு அந்தத் தட்டில் இருந்தது. பள்ளியும் மின்சாரக் கம்பெனியும் வங்கியும் அனுப்பிய கடைசி எச்சரிக்கைக் கடிதங்கள் மட்டும் மேஜையில் குவிந்து கிடந்தன. அதற்குள் வாசல் மணி அடித்துவிட்டது. கடையில் கடைசிவரை விலைபோகாமல் வீட்டுக்கு வந்து சேர்ந்த பியானோவின் மேல்மூடியைத் திறந்து, கடிதங்களைக் கொத்தாக உள்ளே கம்பிகளின் மேல் திணித்து மூடினார்.

வந்தவர் பெயர் மிஸஸ் ஓகில். எழுபது வயதிருக்கும். பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவரின் விதவை. மழைக்கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டுவிட்டு, ஃபைலை மடியில் விரித்துக்கொண்டு கேட்டார்.

"எப்படி இருக்கீங்க, மிஸ்டர் பிரேஸ்வெல்? எப்படிச் சமாளிக்கிறீங்க?"

"குறை சொல்ல ஒண்ணுமில்லைங்க."

அது தானாக வந்துவிட்டது. மூன்று வருடத்துக்கு முன்னால் மனைவி மேரியனை அடக்கம் செய்த அன்று, தேவாலய வாசலில் நின்று கைகுலுக்கிய அத்தனை பேரிடமும் அவர் சொன்னது இதே வாக்கியம்தான். மிஸஸ் ஓகில் அதை அப்படியே எழுதிக்கொண்டார். எழுத்துகள் தலைகீழாக இருந்தாலும் லயனலால் படிக்க முடிந்தது.

வாய் அதோடு நிற்கவில்லை. குளிருக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, நாங்கள் குளிர்ச்சியை விரும்புகிறவர்கள் என்றார். பழைய வீடு, கூரை அவ்வப்போது கொஞ்சம் பேசும் என்றார். வேலைக்கு ஒன்றிரண்டு இடத்தில் பேச்சு நடக்கிறது என்றார். பேச்சு நடந்தது பூச்செடிக் கடையின் வண்டி நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழிக்கும் வேலைக்கு, அதுவும் கிடைக்கவில்லை. உள்ளே ஒரு லயனல் சுவரில் தலையை முட்டிக்கொள்ள, வெளியே இன்னொரு லயனல் வெள்ளிக் கெண்டியைச் சாய்த்து, இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா என்று உபசரித்தார்.

பிள்ளையையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பது அறக்கட்டளையின் விதி. பள்ளி விடுமுறை என்பதால் ஹெஸ்டர் மாடியில் இருந்தாள். கூப்பிட்டதும் இறங்கி வந்தாள். பதினேழு வயது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தாள். ஒன்றைக் கழற்றச் சொல்ல லயனல் மறந்திருந்தார்.

"இந்தப் பள்ளிக்கூடத்த விட வேண்டி வந்தா உனக்கு எப்படிம்மா இருக்கும்?" என்று மிஸஸ் ஓகில் கேட்டார்.

ஹெஸ்டர் புன்னகை செய்தாள். "பரவால்லைங்க. அது ஒண்ணும் பெரிய விஷயமில்ல. கிரேக்கத்த நானே புத்தகம் வச்சுப் படிச்சுக்குவேன்."

லயனலுக்குச் சுருக்கென்றது. அது அவருடைய புன்னகை. அந்தத் தலைச் சாய்ப்பும் அவருடையது. அதே தேவாலய வாசலில், பதினான்கு வயதில், அவர் பக்கத்தில் நின்று எல்லோருக்கும் பரவால்லைங்க என்று சொன்ன அதே குரல். என் பெண் எவ்வளவு தைரியசாலி என்று அன்று அவர் பெருமைப்பட்டிருந்தார். கட்டணம் வாங்காமல் மகளுக்கு அவர் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம் அது. முதல் மதிப்பெண்ணில் தேறியிருந்தாள்.

மிஸஸ் ஓகில் ஃபைலை மூடினார். விண்ணப்பங்கள் நிறைய, பணம் கொஞ்சம், சமாளிக்கிறவர்களைச் சமாளிக்கிறவர்களாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது என்று தன்மையாகச் சொன்னார். மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பியானோவைத் தாண்டும்போது மட்டும் நின்றார். அந்தத் தொழில்காரர் வீட்டில் நாற்பது வருடம் வாழ்ந்தவரால் ஒரு பியானோவைத் தொடாமல் போக முடியவில்லை. ஒரு கட்டையை விரலால் அழுத்தினார். தொப்பென்றது. அடுத்ததை அழுத்தினார். அதுவும் தொப்பென்றது.

"என்னாச்சு இதுக்கு?"

"ஈரங்க," என்றாள் ஹெஸ்டர், அப்பாவுக்கு முந்திக்கொண்டு. "போன குளிர்காலத்துல மழை ஜாஸ்தி."

முந்தின நாள்கூட அவள் வாசித்த பியானோ அது. அவள் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. லயனலால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"இல்லைங்க. அவ பொய் சொல்றா. எங்கிட்ட கத்துக்கிட்டது."

பியானோவின் மேல்மூடியைத் திறந்தார். மிஸஸ் ஓகில் உள்ளே கைவிட்டுக் கடிதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார். பிறகு மழைக்கோட்டைக் கழற்றினார், உட்கார்ந்தார், ஃபைலைத் திறந்து முதல் வரியைக் கோடு போட்டு அடித்தார்.

"முதல்லேருந்து ஆரம்பிப்போம். எப்படி இருக்கீங்க, மிஸ்டர் பிரேஸ்வெல்?"

"நல்லா இல்லைங்க. மேரியன் போனதுலேருந்தே நல்லா இல்ல. செப்டம்பர்ல கட்ட எங்கிட்ட ஒண்ணுமே கிடையாது."

அதை எழுதிக்கொண்டார். பேனாவால் கெண்டியைக் காட்டினார். "இந்த வெள்ளிச் சாமான் விண்ணப்பத்துல இல்லையே?"

"பக்கத்து வீட்டுது. இரவல்."

"யாருக்கு முன்னால வைக்க?"

"உங்களுக்கு முன்னாலதான்."

மிஸஸ் ஓகில் வெகுநேரம் கைப்பைக்குள் எதையோ தேடினார். அவருடைய தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா என்று பார்க்க லயனலுக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. பிறகு அவர் ஹெஸ்டர் பக்கம் திரும்பி, நீயும் இன்னொரு தடவை சொல்லும்மா என்றார்.

ஹெஸ்டர் அப்பாவைப் பார்த்தாள். சொல் என்பதுபோல அவர் தலையசைத்தார்.

"எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கும்," என்றாள் அவள். அம்மாவைப் புதைத்த நாளிலிருந்து அழாத பெண், அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்வெட்டர் கையில் முகத்தை அழுத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.